ஒரு சாண் தள்ளி விழுந்த வலை

மார்ச் 3

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போனில் கூப்பிட்டால் நீங்கள் எடுக்கமாட்டீர்கள். தப்பித்தவறி எடுத்தாலும், "இருங்க, வீட்டுல குடுக்கறேன்" என்று மனைவியிடம் கைமாற்றிவிடுவீர்கள். ஒரு வருஷமாக அதுதானே நடக்கிறது. அதனால் கடிதம். இதை யாரிடமும் கைமாற்ற முடியாது, கிழிக்கத்தான் முடியும். கிழிப்பதற்கு முன் கூட வந்திருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்துவிடுங்கள்.

உள்ளே பன்னிரண்டு ரப்பர் மீன்கள் இருக்கின்றன. மூன்று நிறம், நிறத்துக்கு நான்கு. அவற்றைக் கோர்க்க ஈயத்தலை வைத்த கொக்கிகளும் உண்டு. மீன்கள் கடையில் வாங்கியவை அல்ல. என் பல் பட்டறையில், பல் செட்டுக்கு அச்செடுக்கிற அதே மேஜையில், நானே அச்செடுத்து ஊற்றியவை. வாலைத் தொட்டுப் பாருங்கள், எவ்வளவு மெல்லிசு என்று தெரியும். மூன்று வாரம் ராப்பகலாக இதே வேலை. என் உதவியாளப் பெண், "டாக்டருங்க பல்லு கேட்டு போன் பண்றாங்கக்கா, என்ன சொல்ல?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள்.

பழைய கதையை எடுக்கக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன். முடியவில்லை. போன வசந்தத்தில், நம் பிள்ளைகளுக்குக் கல்யாணம் முடிந்த பத்தாம் நாள், உங்கள் விரிகுடாவில், உங்கள் படகில் வைத்து அந்தத் தட்டைத்தலை மீன் என் ரப்பர் மீனைத்தான் கவ்வியது. உங்கள் உயிர் இறாலை அல்ல. என் கை நீளம் இருந்தது. பத்து நிமிஷம் போராடிப் படகோரம் கொண்டுவந்தேன். வலை உங்கள் கையில். முப்பது வருஷம் பயணிப் படகு ஓட்டிய கை. அந்தக் கை வலையை மீனுக்கு ஒரு சாண் தள்ளி இறக்கி, விளிம்பால் தூண்டில் நரம்பைத் தட்டி, மீனை வழியனுப்பி வைத்தது.

"வேணும்னேதான விட்டீங்க? ரப்பருக்கு விழுந்துடுச்சேன்னு பொறுக்கல" என்றேன். "பல்லு கட்டறவங்க பல்லைப் பாருங்க, கடலை எங்கிட்ட விடுங்க" என்றீர்கள். புதுமணத் தம்பதி இரண்டும் படகின் மூலையில் திருதிருவென்று விழித்தன. நான் அன்று மதியமே பஸ் ஏறிவிட்டேன்.

நான் சொன்னது அதிகப்படிதான். நீங்கள் சொன்னதும் கொஞ்சமில்லை. ஆனால் மறுபடி வசந்தம் வந்துவிட்டது. தண்ணீர் சூடேறியதும் தட்டைத்தலைகள் ஆழத்தை விட்டுக் கரையோர மணலுக்கு வந்து புதைந்து கிடக்கும். மே மாதம் தாண்டினால் கலைந்துவிடும். எனக்கு அந்தப் படகில் இன்னொரு தரம் ஏற வேண்டும். கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் வரமாட்டேன். விஷயம் அவ்வளவுதான்.

இப்படிக்கு,
உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பெட்டி வந்து சேர்ந்தது. நன்றி.

இங்கே எல்லோரும் நலம், என் முட்டியைத் தவிர. முட்டி வலியால் படகின் ஏணிப்படி ஏற முடியாமல் ஆறு மாதமாகப் பயணிப் படகு ஓட்டுவதில்லை. துறையில் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறேன். சொந்தப் படகும் கொல்லையில் கவிழ்ந்து கிடக்கிறது. ஆகவே இந்த வருஷம் மீன்பிடிக்க யாரையும் அழைக்கும் நிலையில் இல்லை.

ரப்பர் மீன்கள் பார்க்க அழகாக இருக்கின்றன என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள். மீன்கள் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கேட்டால் உயிருள்ள இறாலை விட்டுவிட்டு ரப்பரைத் தின்ன வருகிற மீன் மூளை கெட்ட மீனாகத்தான் இருக்க வேண்டும்.

வேறு விசேஷமில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

போன கடிதத்தில் எழுதியதில் ஒரு சிறு திருத்தம். மூளை கெட்ட மீன்கள் இங்கே நிறைய இருக்கின்றன.

நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் சிரிக்கக் கூடாது. சனிக்கிழமை எனக்கு ஓய்வு. வீட்டுக்காரி சந்தைக்குப் போயிருந்தாள். துறைக்கு அந்தப் பக்கம், கழிமுகத்து நீர் வற்றும்போது ஓடைபோல ஓடிவந்து விழுகிற பள்ளம் ஒன்று உண்டு. அங்கே தூண்டில் கோலோடு போய் நின்றேன். உங்கள் பெட்டியையும் சட்டைப் பையில் செருகிக்கொண்டுதான் போனேன். சும்மாதான்.

முதலில் அந்தக் கறுப்பைக் கோர்த்து எறிந்தேன். இருபது வீச்சுக்கு ஒன்றுமில்லை. பிறகு அந்த அழுக்கு மஞ்சளை மாட்டினேன். அடியில் மண் தட்டும்வரை போகவிட்டு, கோலின் நுனியை இரண்டு தரம் வெடுக் வெடுக்கென்று உயர்த்தி, நரம்பைத் தளர்த்திக் கீழே விட்டேன். இறங்குகிற அந்தக் கணத்தில் விரலுக்குள் 'டொக்' என்று ஒரு தட்டு. கதவைத் தட்டுகிற மாதிரி. கோலை நிமிர்த்தினேன், ரீல் கத்த ஆரம்பித்தது. ஐம்பத்தெட்டு வயசில் என் நெஞ்சு அப்படி அடித்துக்கொள்ளும் என்று நான் நினைக்கவே இல்லை.

மூன்று பிடித்தேன் சம்பந்தியம்மா. மூன்றும் அந்த மஞ்சளுக்கே. ஒன்றரை முழம், ஒரு முழம், இன்னொன்று வளரட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு ரப்பர் வால் முழுக்கப் போய்விட்டது, நரம்பின் கடைசி அடி பல் பட்டுச் சொரசொரவென்று ஆகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வருஷத்திலிருந்தே எனக்குத் தூண்டில் அலுத்துப்போயிருந்தது. மிதவையை முறைத்துக்கொண்டு உட்காருவதில் என்ன இருக்கிறது என்று கோலைப் பரணில் போட்டுவிட்டேன். இதில் மிதவையே இல்லை. எல்லாம் விரலிலேயே தெரிகிறது. கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கலாம்.

வீட்டுக்காரி மீனைப் பார்த்துவிட்டு, "முட்டி வலியோட பாறை மேல எப்படி ஏறினீங்க?" என்று கேட்டாள். மெதுவாக என்றேன்.

மஞ்சள் இன்னும் ஆறு அனுப்ப முடியுமா? கறுப்பு வேண்டாம்.

சம்பந்தி


மார்ச் 21

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பட்டறையில் நின்றபடியே படித்து, உதவியாளப் பெண்ணுக்கு உரக்க ஒரு தரம், என் பெண்ணுக்குப் போனில் ஒரு தரம் படித்துக் காட்டினேன். "எங்க மாமனாரா இப்படி எழுதியிருக்காரு?" என்று அவள் மூன்று முறை கேட்டாள். அந்த 'டொக்' எனக்கும் தெரியும். அதற்காகத்தான் நான் மூன்று வாரம் தூங்காமல் ரப்பர் காய்ச்சினேன்.

ஆனால் ஒன்று. நான் மஞ்சள் அனுப்பவில்லை. கறுப்பும் அனுப்பவில்லை.

முதலில் கிண்டல் செய்கிறீர்கள் என்று நினைத்தேன். குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். உங்களுக்கு அனுப்பியது இலைப்பச்சை நான்கு, கத்தரிப்பூ நிறம் நான்கு, ஈறு நிறம் நான்கு. ஈறு நிறம் என்றால் பல் செட்டின் ஈறுக்குப் போடுகிற ரோஜா நிறம். கையில் இருந்த நிறப்பொடி அதுதான். பச்சைக் குழந்தை பார்த்தாலும் ரோஜா என்று சொல்லும்.

நான் செய்வது நிறம் பார்க்கிற வேலை. உங்களுக்கு வெள்ளை என்றால் ஒரு வெள்ளை. எனக்குப் பதினாறு வெள்ளை உண்டு. பக்கத்துப் பல்லோடு ஒட்டாத வெள்ளையில் ஒரு பல் செய்தால் அந்த மனுஷன் ஆயுசுக்கும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரிப்பான். எங்களுக்கு வேலை தருகிற பல் டாக்டர் ஒருவர் திடீரென்று நிறத்தைத் தப்புத் தப்பாக எழுதி அனுப்ப ஆரம்பித்தார். சண்டை போட்டு, செய்த பல்லைத் திருப்பி அனுப்பி, கடைசியில் பார்த்தால் அவர் கண்ணில் புரை. ரோஜாவெல்லாம் அவருக்கு மங்கல் மஞ்சள், ஊதாவெல்லாம் கறுப்பு.

இத்துடன் ஆறு மாதிரிப் பற்கள் வைத்திருக்கிறேன். பின்பக்கம் எண் இருக்கிறது, பார்க்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, வெளுப்பிலிருந்து மஞ்சள்வரை வரிசையாக அடுக்குங்கள். வலக்கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம், இடக்கண்ணை மூடிக்கொண்டு ஒரு தரம். பிறகு உங்கள் வீட்டிலும் அடுக்கச் சொல்லுங்கள். மூன்று வரிசையின் எண்களையும் எழுதி அனுப்புங்கள்.

உங்கள் கையெழுத்து இந்தத் தடவை கோட்டை விட்டு இறங்கி இறங்கிப் போகிறது. அதையும் பார்த்தேன்.

கோபம் வரும். வரட்டும். அடுக்கிவிட்டுக் கோபப்படுங்கள்.

உங்கள் மருமகளைப் பெற்றவள்


மார்ச் 26

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

பல்லைக் காட்டிக் கண்ணைச் சோதிக்கிற வைத்தியத்தை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். ரப்பர் மீன் கேட்டால் ரப்பர் மீன் அனுப்பினால் போதும். யாரும் உங்களிடம் வைத்தியம் கேட்கவில்லை. முப்பது வருஷமாகப் பாறைக்கும் மணல்மேட்டுக்கும் நடுவில் இருநூறு பேரை வைத்துக்கொண்டு படகு ஓட்டியவனிடம் போய்

மார்ச் 28

மேலே எழுதியதை அடிக்கவில்லை, கிடக்கட்டும். கோபப்பட்டேன் என்பதற்கு அத்தாட்சி.

அடுக்கினேன். வீட்டுக்காரியையும் அடுக்கச் சொன்னேன், உங்கள் விளையாட்டுப் பொருள் என்று சொல்லி. அவள் அரை நிமிஷத்தில் அடுக்கினாள்: 1, 2, 3, 4, 5, 6. வலக்கண்ணால் எனக்கு வந்தது 2, 1, 4, 3, 6, 5. இடக்கண்ணால் அடுக்கியதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆறும் எனக்கு ஒரே பல்.

முட்டி நன்றாக இருக்கிறது. முட்டிக்கு என்றைக்கும் ஒன்றும் வந்ததில்லை.

போன வசந்தத்தில்தான் முதலில் தெரிந்தது. உங்கள் மீன் படகோரம் வந்தபோது தண்ணீரின் பளபளப்பில் எனக்கு இரண்டு மீன் தெரிந்தது, இரண்டும் புகைக்குள். ஒன்றைக் குறிவைத்து வலையை இறக்கினேன். அங்கே மீன் இல்லை. நீங்கள் "வேணும்னேதான விட்டீங்க" என்றீர்கள். அந்த நிமிஷம் அதுவே எனக்குச் சௌகரியமாகப் போய்விட்டது. கண் தெரியாதவன் என்பதைவிட வஞ்சகம் பிடித்தவன் என்று பெயர் வாங்குவது மேல் என்று தோன்றியது. பதிலுக்குப் பல்லு கட்டறவங்க என்று சொன்னதும் அந்தப் பயத்தில்தான். அந்த வார்த்தைக்கு நான் வருந்துகிறேன். ஒரு வருஷமாக வருந்துகிறேன்.

அதற்குப் பிறகு செப்டம்பரில் ஒரு நாள் துறையின் சிவப்பு விளக்கு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. அன்றைக்கே முட்டி வலி என்று எழுதிக் கொடுத்துக் கரை வேலைக்கு இறங்கிவிட்டேன். இருநூறு பேரை வைத்துக்கொண்டு விளையாட முடியாது. ஆனால் உண்மையைச் சொன்னால் படகோட்டும் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். மே ஒன்பதாம் தேதி உரிமம் புதுப்பிக்கிற சோதனை. அதில் கண்ணைப் பார்ப்பார்கள். தவறினால் அவ்வளவுதான், ஓய்வு பெறும்வரை வாசல் கேட்டில் டிக்கெட் கிழிப்பதுதான்.

ஆபரேஷன் என்றால் கண்ணுக்குள் கத்தி. நினைக்கவே பயமாக இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரி ஆறு மாதமாகத் தினமும் காலையில் என் முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். நல்ல முட்டிக்கு. நானும் "அப்பா, இப்பதான் கொஞ்சம் தேவல" என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன செய்யட்டும்?


ஏப்ரல் 1

அண்ணா,

இனிமேல் சம்பந்தி அவர்கள் எல்லாம் கிடையாது. அண்ணாதான்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் அந்தத் தைலத்தை நினைத்துச் சிரித்தேன். அப்புறம் மறுபடியும் அழுதேன். வேணும்னே விட்டீர்கள் என்று ஒரு வருஷம் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் பட்டறைக்கு வந்த டாக்டர்கள் ஒருவர் பாக்கியில்லை. நிறம் பார்த்துப் பிழைக்கிற எனக்கு, பக்கத்தில் நின்ற மனுஷனுக்குப் பார்வை தெரியவில்லை என்பது தெரியவில்லையே.

சிவப்பு விளக்கு இரண்டாகத் தெரிந்த அன்றைக்கே கீழே இறங்கினீர்களே, அதுதான் நீங்கள். வஞ்சகம் பிடித்தவர் அதைச் செய்யமாட்டார்.

இப்போது செய்ய வேண்டியது இவ்வளவுதான். இன்றைக்கே அண்ணியிடம் சொல்லுங்கள். நாளைக்குக் கண் ஆஸ்பத்திரி. புரை எடுத்துக்கொண்ட எங்கள் பல் டாக்டரிடம் எல்லாம் விசாரித்துவிட்டேன். ஊசி கூட இல்லையாம், சொட்டு மருந்து விட்டு இருபது நிமிஷமாம். மேலே தொங்கிய விளக்கைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை என்கிறார். இப்போதே செய்தால் மே ஒன்பதுக்குள் தேறிவிடும். தள்ளிப்போட்டால் வசந்தமும் போகும், சோதனையும் போகும்.

ஞாயிற்றுக்கிழமைவரை பொறுப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லாவிட்டால் நான் போனில் அண்ணியைக் கூப்பிடுவேன். அப்போது நீங்கள் யாரிடமும் கைமாற்ற முடியாது.

ஈறு நிறம் ஆறு அனுப்பியிருக்கிறேன். பரணில் போடாதீர்கள்.

உங்கள் தங்கச்சி


ஏப்ரல் 19

தங்கச்சிக்கு,

அது மஞ்சளே இல்லை.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றது அப்புறம். கட்டுப் பிரித்த மறுநாள் காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்து உங்கள் பெட்டியைத் திறந்தேன். ரோஜா! இப்படி ஒரு நிறத்தையா நான் அழுக்கு மஞ்சள் என்று எழுதினேன்? கறுப்பு என்று தள்ளியது அச்சு அசல் கத்தரிப்பூ. அதன் வயிற்றில் மினுமினுவென்று பொடி வேறு தூவியிருக்கிறீர்கள், அதெல்லாம் எனக்குத் தெரியவே இல்லை. ஆறு பல்லையும் எடுத்து அடுக்கினேன். 1, 2, 3, 4, 5, 6. இரண்டு தரம் அடுக்கினேன்.

இனி மற்றது. ஞாயிறு காலை, தைலத்தோடு வந்தவளிடம் சொன்னேன். அவள் தைல பாட்டிலை மூடினாள், அலமாரியில் வைத்தாள், திரும்பி வந்து என் நல்ல முட்டியில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "இப்ப வலிக்குதா?" என்றாள். வலித்தது. அப்புறம் என் பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். அடுத்த செவ்வாயே ஆஸ்பத்திரி, இடக்கண்ணுக்கு. இருபது நிமிஷம்கூட இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸ், "விடுங்க சார், முடிஞ்சிடுச்சு, என் கைதான் வலிக்குது" என்றாள்.

வலக்கண்ணில் புரை இன்னும் முற்றவில்லையாம், அவசரமில்லையாம். குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. படகை நிமிர்த்துவதற்கு மருமகளும் மகனும் அடுத்த ஞாயிறு வருகிறார்கள்.

வீட்டுச் சுவர் இவ்வளவு வெளுப்பு என்று தெரியாமலே வெள்ளையடிக்க ஆள் பேசிவைத்திருந்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணன்


மே 10

தங்கச்சிக்கு,

சோதனையில் தேறிவிட்டேன். கண் பார்க்கிற அட்டையைக் கடைசி வரிவரை படித்தேன், அச்சுப் போட்டவர் பெயர்கூட. நாளை மறுநாள் காலை ஏழு பத்துக்குப் புறப்படுகிற பயணிப் படகு என்னுடையது.

சனிக்கிழமை வாருங்கள். படகு தண்ணீரில் இருக்கிறது. இதுதான் நீங்கள் கேட்ட அழைப்பு, மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து உங்களுக்குப் பாக்கி. ஒரே நிபந்தனை, முதல் மீன் என்னுடையது, வலை உங்கள் கையில்.

அண்ணன்


மே 20

அண்ணா,

ஊர் திரும்பி மூன்று நாளாகிறது. பட்டறையில் எல்லோரும் "மீன் எங்கக்கா?" என்று கேட்கிறார்கள். நான் பல்லைச் செதுக்குவதுபோல் குனிந்துகொள்கிறேன்.

காலையில் பிடித்த நான்கைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அதெல்லாம் அண்ணியின் அடுப்பில் நன்றாகவே முடிந்தது. நான் சொல்வது ஐந்தாவதை. நீர் வற்றி மணல் விளிம்பு தெரிந்த நேரம். நீங்கள் கோலை நிமிர்த்தியதும் படகே அந்தப் பக்கம் திரும்பியது. கிழவனுக்கு வந்த இளமை என்று அண்ணி சிரித்தார். பதினைந்து நிமிஷம். என் கை நீளமில்லை, அதற்கும் மேலே. தலை முறம்போல அகலம்.

வலை என் கையில். தலைப்பக்கமாக இறக்க வேண்டும், நரம்பில் படக் கூடாது, அவசரப்படக் கூடாது. எல்லாம் தெரியும். எனக்குப் புகையும் இல்லை, இரண்டு மீனும் இல்லை, பளிச்சென்று ஒரே மீன். ஆனாலும் என் கை பதறிவிட்டது அண்ணா. ஒரு சாண் தள்ளி இறக்கினேன். விளிம்பு நரம்பைத் தட்டியது. அது ஒரு தரம் தலையை உதறியது, போய்விட்டது.

நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோலைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் பஸ் ஏறும்வரை அதைப் பற்றிப் பேசவே இல்லை. அதுதான் என்னைக் குடைகிறது. போன வருஷம் நீங்கள் கண் தெரியாமல் செய்ததற்கு நான் ஊரைக் கூட்டினேன். நான் கண் தெரிந்தே செய்ததற்கு நீங்கள் சும்மா இருக்கிறீர்கள். திட்டிவிடுங்கள். பல்லு கட்டறவள் என்றே சொல்லுங்கள்.

வேணும்னே விடவில்லை அண்ணா. சத்தியமாக.

தங்கச்சி


மே 24

தங்கச்சிக்கு,

திட்டுவதற்கு ஒரு வருஷமாக வாக்கியம் தயாராக வைத்திருந்தேன். வேணும்னேதான விட்டீங்க என்று திருப்பிச் சொல்ல எனக்கும் ஆசை இருக்காதா? உங்கள் கையில் வலையைக் கொடுத்தபோதே பாதி மனசு அதற்குத்தான் காத்திருந்தது.

ஆனால் அந்த நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. கோபத்தினால் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பக்கவாட்டில் திரும்பியபோது வாலில் இருந்த கறுப்புப் புள்ளிகளைப் பார்த்தேன், ஐந்து. வாயோரத்தில் ஈறு நிறம் தொங்கியது, அதன் வால் பாதி கடிபட்டிருந்தது. அது தலையை உதறியபோது ஈயத்தலை கழன்று தெறித்ததைப் பார்த்தேன். பிறகு அது அவசரமே இல்லாமல் மணலுக்கு இறங்கி, உடம்பை இரண்டு ஆட்டு ஆட்டிப் புதைந்து, கண் இரண்டையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டது. ஒரு ஆள் ஆழத்துக்கு மேல் தண்ணீர். அதற்கு அடியில் இருந்த அந்தக் கண்ணை நான் பார்த்தேன். அதைவிட்டு என்னால் தலையைத் திருப்ப முடியவில்லை, அவ்வளவுதான். பிடித்திருந்தாலும் அதை விட்டுத்தான் இருப்பேன், அவ்வளவு பெரியதெல்லாம் முட்டையிடுகிற தாய்மீன்.

உங்கள் கடிதத்தில் ஒரு தப்பு இருக்கிறது. வலை ஒரு சாண் தள்ளி விழவில்லை. நாலு விரற்கடைதான். நான் பார்த்தேன்.

அண்ணன்